கொழும்பிலிருந்து கிழக்குக் கரைக்கு: புயல்களைத் தாண்டிய சிக்கன விடுமுறையின் வரலாறு

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, களனி எனக் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் குறைந்த செலவில் கடற்கரை விடுமுறைக்குப் போகும் வழக்கத்தில் கிழக்குக் கரைக்குத் தனி இடம் உண்டு. திருகோணமலைப் பக்கத்தில் உப்புவெளியும் நிலாவெளியும், மட்டக்களப்பு மாவட்டத்தில் கல்குடாவும் பாசிக்குடாவும், தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்பையும் இவ்வழக்கத்தின் முதன்மையான இடங்கள். 1920களின் பிற்பகுதியில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் புகையிரதப் பாதை போடப்பட்ட பின்பே இப்பயணம் சாதாரண வருமானக்காரரின் கைக்கு எட்டியது.

அதே கரைதான் வங்காள விரிகுடாப் புயல்களின் வழியிலும் கிடக்கிறது. 1907, 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் சூறாவளிகளும் 2004 இல் ஆழிப்பேரலையும் அதைத் தாக்கின. இடையில் கால் நூற்றாண்டுப் போரும் நடந்தது. ஒவ்வொரு அழிவுக்குப் பின்னும் விடுதிகள் மீண்டும் திறந்தன, பயணிகளும் வந்தார்கள். ஆனால் கரை யாருக்காக மீளக் கட்டப்பட்டது என்ற கேள்விக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்தது.

பருவமும் பாடசாலை விடுமுறையும்

இலங்கையின் இரு கரைகளுக்கும் இரு பருவங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நீர்கொழும்பு தொடங்கி ஹிக்கடுவை வரையான கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் வறண்ட மேல்காற்று மலைகளைக் கடந்து வருவதால் வானம் தெளிந்திருக்கும். வெயில் கடுமையாக இருந்தாலும் குளிக்கக் கடல் பாதுகாப்பானது. ஒக்டோபர் பிற்பகுதியில் நிலை மாறத் தொடங்குகிறது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும் கிழக்கை நனைக்கும். வாவிகள் நிரம்பி முகத்துவாரங்களை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். இலங்கையைத் தாக்கும் சூறாவளிகளில் பெரும்பாலானவை நவம்பரிலும் டிசம்பரிலும்தான் கரை கடக்கின்றன.

பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில் தவணை விடுமுறை வரும். இம்மூன்றில் கிழக்குக் கரைக்கு மிகவும் பொருந்துவது ஓகஸ்ட். டிசம்பர் விடுமுறை நீண்டதாக இருந்தாலும் கிழக்கில் அது மாரியின் உச்சம். 1964 டிசம்பர் 22-23 இல் வந்த புயல் திருகோணமலைப் பக்கமாகத் தீவைக் கடந்து பாக்கு நீரிணையை அடைந்து தனுஷ்கோடியை அழித்தது. கொழும்பு கோட்டையிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதத்திலும், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலிலும், பின்னர் சென்னைக்குப் புகையிரதத்திலும் போன பழைய பயண வழி அந்த ஒரே இரவில் துண்டிக்கப்பட்டது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1978 சூறாவளி நவம்பர் 23 இலும், 2000 ஆம் ஆண்டின் புயல் டிசம்பர் 26 இலும் கிழக்கைத் தாக்கின. சிக்கன விடுமுறையைத் திட்டமிடுபவருக்கு இத்திகதிகள் சொல்லும் பாடம் ஒன்றே: கிழக்கில் விலை குறைந்திருக்கும் மாதங்கள், கடல் ஆபத்தாக இருக்கும் மாதங்களும்கூட.

யாத்திரை, வாடிவீடு, புகையிரதம்

விடுமுறை என்ற எண்ணம் பரவுவதற்கு முன்பே மக்கள் கடற்கரைக்குப் போய்த் தங்கியிருக்கிறார்கள். அதற்குக் காரணமாக அமைந்தவை கோயில் திருவிழாக்கள். திருகோணமலையில் கடலை நோக்கிய பாறைமேல் கோணேஸ்வரம் இருக்கிறது. மட்டக்களப்பு அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெருங்கூட்டம் சேரும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோர் கிழக்குக் கரையோரமாகவே பொத்துவில், குமுக்கன் வழியாக நடப்பார்கள். கத்தோலிக்கருக்குக் கற்பிட்டிக் குடாநாட்டில் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் இருந்தது. கொட்டாஞ்சேனை, நீர்கொழும்புப் பங்குகளிலிருந்து ஓகஸ்ட் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்கள் கடலோரத்தில் கிடுகுக் கொட்டில்களில் நாட்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்து உண்டு, கடலில் குளித்துத் திரும்பின. வாடகை அற்பம், சாப்பாடு சொந்தச் சமையல், துணைக்கு ஊரே கூட இருக்கும். பிற்காலச் சிக்கன விடுமுறையின் அடிப்படைகள் எல்லாம் இந்த யாத்திரைகளிலேயே உருவாகிவிட்டன.

பிரித்தானியர் ஆட்சியில் பயணம் செய்யும் அதிகாரிகளுக்காகச் சாலை வழியெங்கும் வாடிவீடுகள் கட்டப்பட்டன. அதிகாரி வராத நாட்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தங்கலாம். சுதந்திரத்துக்குப் பின் அரச திணைக்களங்களின் தங்குமனைகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. அரச ஊழியருக்குக் கிடைத்த புகையிரத வாரண்டு இவ்வழக்கத்துக்குப் பெரும் துணை. குடும்பத்தோடு இலவசமாகப் பயணம் செய்ய அது இடம் கொடுத்ததால், எழுதுவினைஞரும் ஆசிரியரும் நாட்டின் மறுகோடிக் கடலைப் பார்க்க முடிந்தது.

மேற்கில் கரையோரப் பாதை 1894 இல் காலியையும் அடுத்த ஆண்டு மாத்தறையையும் எட்டியது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. கல்கிசைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம். கொட்டாஞ்சேனையாருக்குக் களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரமும் காக்கைதீவும் இன்னும் அண்மையில் இருந்தன. கிழக்குப் பயணம் அப்படிப்பட்டதன்று. மாகோவில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் ஒரு கிளை திருகோணமலைக்கும் மற்றொன்று பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் போகிறது. மட்டக்களப்பு வரை ஏறத்தாழ 350 கி.மீ. தூரம். உதயதேவி என்ற புகையிரதத்தின் பெயர் இப்பாதையோடு ஒட்டிப்போன ஒன்று. வாழைச்சேனையை அடுத்த கல்குடா நிலையத்தில் இறங்கினால் பாசிக்குடா மிக அருகில். ஒரு நாள் முழுவதும் பயணத்திலேயே போவதால் இது மாலையில் திரும்பும் உலாவாக இருக்க முடியாது. சில நாட்களாவது தங்கவேண்டும். மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ உறவினர் இருந்தால் தங்கும் செலவும் மிச்சம். திரும்பும்போது மட்டக்களப்பு எருமைத் தயிர்ச் சட்டியும் மரமுந்திரிகைப் பருப்பும் கூடவே வரும்.

சுற்றுலாச் சபையின் காலம்

1966 இல் இலங்கைச் சுற்றுலாச் சபை சட்டப்படி அமைக்கப்பட்டது. அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர் மட்டுமே. 1967 இல் உருவான பத்தாண்டுப் பெருந்திட்டம் கொழும்பு நகரம், தெற்குக் கரை, கிழக்குக் கரை, மலைநாடு, பண்டைய நகரங்கள் என ஐந்து வலயங்களை அடையாளங்கண்டது. தெற்கில் பெந்தோட்டையும் கிழக்கில் பாசிக்குடாவும் விடுமுறைத் தலங்களாக வளர்க்கப்பட்டன. பாசிக்குடாக் கடலின் இயல்பு அதற்குப் பொருத்தமாக அமைந்தது. வளைந்த குடாவை முருகைக்கல் பார் பாதுகாப்பதால் அலை மிகக் குறைவு. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. நீந்தத் தெரியாத பிள்ளைகளும் முதியவர்களும் அச்சமின்றி இறங்கக்கூடிய கடல் இலங்கையில் இதுபோல் வேறொன்று இல்லை என்றே சொல்லலாம்.

1970களில் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழுந்தன. மேற்குக் கரையின் பருவம் முடியும் மாதங்களில் ஐரோப்பியப் பயணிகள் இங்கே வந்தார்கள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் உள்நாட்டுக் குடும்பங்கள் அதே ஓகஸ்டில் வாடிவீட்டிலோ சிறு விடுதியிலோ தங்கி அதே கடலில் குளித்தன. அறுகம்பையில் நிலைமை வேறு. பெரிய ஹோட்டல்கள் அங்கே வரவில்லை. அலைச்சறுக்கு விளையாடும் வெளிநாட்டு இளைஞர்கள் கேள்விப்பட்டு வந்து, மீனவக் குடும்பங்கள் வாடகைக்கு விட்ட கிடுகுக் குடில்களில் வாரக்கணக்கில் தங்கினார்கள். முதலீட்டாளரோ அமைச்சோ திட்டமிடாமல், உள்ளூர் மக்களே ஒரு சுற்றுலாத் தொழிலை வளர்த்தெடுத்தார்கள்.

1978 நவம்பர் 23

நவம்பர் 23 மாலை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சூறாவளி தாக்கியது. இரவு முழுவதும் காற்று அடங்கவில்லை. 915 பேர் இறந்தனர். பத்து இலட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். இரண்டரை இலட்சம் அளவிலான வீடுகளும் கட்டடங்களும் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத் தென்னந்தோட்டங்களில் 28,000 ஏக்கர், அதாவது பத்தில் ஒன்பது பங்கு, அழிந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு போனது. 11 நெற்களஞ்சியங்களில் ஒன்பது தரைமட்டமாயின. கிழக்கில் மூத்தவர்கள் பிறப்பையும் திருமணத்தையும் சூறாவளிக்கு முன், சூறாவளிக்குப் பின் என்றே கணக்கிடுவார்கள்.

நாட்டின் சுற்றுலாக் கணக்கில் இந்த அழிவு கண்ணுக்கே தெரியவில்லை. 1978 இல் 192,592 பேராக இருந்த வருகை 1979 இல் 250,164 ஆகவும் 1982 இல் 407,230 ஆகவும் உயர்ந்தது. சூறாவளி மாரியில் வந்ததால் அடுத்த கிழக்குப் பருவத்துக்கு நான்கைந்து மாத இடைவெளி கிடைத்தது. சீமெந்துக் கட்டடங்களான ஹோட்டல்களுக்குக் கூரையை மாற்றினால் போதும். தென்னையை இழந்தவருக்கோ புதுக் கன்று நட்டுக் காய் பறிக்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். கிடுகும் தேங்காயும் மீனும் அந்தக் கரையின் மலிவான விடுதிகளுக்கு ஆதாரம். கடல் ஒரே பருவத்தில் பழைய நிலைக்கு வந்தாலும், கரையில் வாழ்பவரின் கைப்பணம் வற்றியே இருந்தது. ஆகவே சூறாவளிக்கு அடுத்த ஆண்டுகளில் ஊர்க்கடையிலும் ஊர் விடுதியிலும் செலவிடப்பட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் வழக்கத்தைவிட மதிப்பு அதிகம்.

போர் மூடிய கரை

1983 ஜூலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பெங்கும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. உயிர் தப்பியவர்களில் பலர் அகதிகளாக வடக்குக்கும் கிழக்குக்கும் போனார்கள். அதன் பின் தொடர்ந்த போரில் கிழக்குக் கரை விடுமுறைத் தலமாக இருக்கவில்லை. பாசிக்குடா ஹோட்டல்கள் கைவிடப்பட்டுச் சிதைந்தன. புகையிரதம் பலமுறை நின்றது. ஓடிய நாட்களிலும் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் பயணத்தை அச்சமாக்கின. 1982 இல் நான்கு இலட்சத்தைத் தாண்டிய நாட்டின் மொத்த வருகை 1987 இல் 182,620 ஆகச் சரிந்தது. சூறாவளியால் குறையாத எண்ணிக்கை போரால் பாதிக்கும் கீழே போனது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானதும் பாதைகள் திறந்தன. பல ஆண்டுகளாகச் சொந்த ஊரைக் காணாத குடும்பங்கள் முதலில் உறவினரைப் பார்க்கவும் பின்னர் கடலைப் பார்க்கவும் போயின. நிலாவெளியிலும் அறுகம்பையிலும் விடுதிகள் மீண்டும் நிரம்பின. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2004 இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 566,202 பேர். அதுவரை காணாத உச்சம்.

2004 டிசம்பர் 26

அன்று ஞாயிறும் பௌர்ணமியும் ஒன்றாக வந்தன, நத்தாருக்கு மறுநாள். விடுமுறைக்காகக் கரையோரம் எங்கும் வழக்கத்தைவிடக் கூட்டம். ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாவட்டங்களில் அம்பாறையே மிகுந்த இழப்பைச் சந்தித்தது: 10,000 க்கும் மேற்பட்ட உயிர்கள். தெற்கில், கொழும்பு கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த புகையிரதம் பெரலியவில் அலையில் சிக்கி 1,700 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விடுமுறைக்கும் விகாரைக்கும் உறவினர் வீட்டுக்கும் குறைந்த கட்டணத்தில் போன சாதாரண மக்கள் அவர்கள். உலக வரலாற்றிலேயே மிகுந்த உயிர்களைப் பலிகொண்ட புகையிரத அனர்த்தம் அது. அந்தப் பாதை இரண்டு மாதங்களுக்குள் சீர்செய்யப்பட்டு 2005 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது.

சுற்றுலாத் துறையில் பெரிய ஹோட்டல்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவையும் சிறு விடுதிகளில் இருநூறுக்கு மேற்பட்டவையும் சேதமடைந்தன அல்லது அழிந்தன. பெரிய ஹோட்டல்களுக்குக் காப்புறுதி இருந்தது, வங்கிக் கடன் கிடைத்தது. சிறு விடுதிக்காரர் பலருக்குப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. பயணிகளை மீண்டும் அழைக்கச் சுற்றுலாச் சபை பிரசார இயக்கம் நடத்தியது. 2005 இல் 549,308 பேர் வந்ததாகக் கணக்குச் சொல்கிறது. முந்திய ஆண்டைவிடச் சிறிதே குறைவு என்று தோன்றினாலும், வந்தவர்களில் பலர் நிவாரணப் பணியாளர்கள். கடற்கரை விடுதிகளின் படுக்கைகள் பல வெறுமையாகவே இருந்தன.

கரையின் நீரும் மாறிப்போயிருந்தது. மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் கடல்நீரால் உவர்ப்பாயின. இறைத்துச் சுத்தம் செய்தும் பல கிணறுகள் உடனே தெளியவில்லை. நன்னீர் மென்படலமாக மணலுக்குள் மிதக்கும் நிலம் அது. மாரி மழை பெய்து ஊறித்தான் உவர்ப்பு மெல்ல இறங்கியது. விடுதியின் சுவரைச் சில வாரங்களில் எழுப்பலாம், கிணற்றுக்கு ஒரு மாரியாவது வேண்டும். பேரலைக்கோ சூறாவளிக்கோ பின்னர் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது பயணியின் முதல் கடமையானது இதனாலேயே.

யாருக்காக மீளக் கட்டுவது?

பேரலைக்குப் பின் அரசாங்கம் கரையிலிருந்து மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் மீள வீடு கட்டத் தடை விதித்தது. மீனவர் வள்ளத்தைவிட்டு விலகிக் குடியேற வேண்டியதாயிற்று. சுற்றுலா ஹோட்டல்களுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. பாதுகாப்புக்காக என்று சொல்லப்பட்ட விதி, ஒருவருக்குப் பொருந்தி மற்றவருக்குப் பொருந்தாமல் போனது கரையோர மக்களிடையே ஆழ்ந்த மனக்கசப்பை ஏற்படுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது.

அறுகம்பைக்கென வகுக்கப்பட்ட அபிவிருத்தித் திட்டம் இவ்விவாதத்தின் மையமாயிற்று. மலிவான குடில்கள் இருந்த கரையில் உயர்தர ஹோட்டல்கள், கடல்விமான இறங்குதுறை, ஹெலிகொப்டர் தளம் ஆகியவை அதில் இடம்பெற்றன. உள்ளூர் விடுதிக்காரரும் மீனவரும் எதிர்த்தனர். எழுத்தாளர் நயோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட நூலில் இதை உலகறியச் செய்தார். திட்டத்தின் பெரும்பகுதி நிறைவேறவில்லை. அமெரிக்க உதவியில் கட்டப்பட்ட புதிய பாலம் மட்டும் 2008 இல் திறக்கப்பட்டது. அறுகம்பை இன்றும் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளின் ஊராக இருக்கிறதென்றால், அந்த எதிர்ப்புக்கு அதில் பெரும் பங்குண்டு.

இதே கேள்வி கரிபியனிலும் எழுந்தது. 2017 செப்டெம்பரில் இர்மா சூறாவளி பார்புடாத் தீவைத் தகர்த்தது. அங்கிருந்த ஏறத்தாழ 1,800 பேரும் அயல்தீவான அன்டிகுவாவுக்கு அகற்றப்பட்டனர். பார்புடாவின் நிலம் மக்களின் பொதுச்சொத்து என 2007 ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிசெய்திருந்தது. சூறாவளிக்குப் பின், தனியுடைமைக்கு வழிதிறக்கும் வகையில் அரசாங்கம் சட்டத்தை மாற்ற முனைந்தது. ஊர்மக்கள் நீதிமன்றம் சென்றனர். குடியிருப்பாளர் கரையில் இல்லாத சில மாதங்களே நிலத்தின் தலைவிதி எழுதப்படும் மாதங்கள் என்பது இரு கடல்களிலும் ஒன்றாகவே நிரூபணமாயிற்று.

போருக்குப் பிந்திய பாசிக்குடா

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவ்வாண்டில் 447,890 ஆக இருந்த பயணிகள் வருகை 2018 இல் 2,333,796 ஆகப் பெருகியது. பாசிக்குடாவில் நிலம் பிரித்துக் குத்தகைக்கு வழங்கப்பட்டது. 2011 முதல் உயர்தர ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. வேலைவாய்ப்பும் வீதியும் மின்சாரமும் வந்தன. அதேவேளை குடாவின் பெரும்பகுதி ஹோட்டல்களின் முன்றிலாக மாறியது. வள்ளம் ஏற்றும் இடங்கள் சுருங்கியதை மீனவர் தொடர்ந்து முறையிட்டனர். சாதாரண குடும்பங்களுக்குப் பொதுக் குளிப்பிடம் ஒன்று எஞ்சியது. ஹோட்டலில் ஓர் இரவுக்கு ஆகும் செலவு பல குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே சிக்கனப் பயணிகள் கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் உள்ள சிறு விடுதிகளுக்கு நகர்ந்தார்கள்.

கொழும்பிலிருந்து போகும் முறையும் மாறியது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சமையல் பாத்திரங்களோடு இரவே புறப்படும் வழக்கம் பரவியது. ஆளுக்காள் பிரித்தால் செலவு குறைவு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து வெள்ளவத்தையில் தங்கும் உறவினரும் இதில் சேர்ந்துகொண்டார்கள். புகையிரதமோ வாரண்டு உள்ளவருக்கும் முன்கூட்டியே ஆசனம் பதிந்தவருக்கும் இன்றும் மிக மலிவான வழி.

அண்மைக்கால அதிர்ச்சிகள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலமும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயமும் குண்டுத் தாக்குதலுக்கு இலக்காயின. பயணத்தின் இரு முனைகளும் ஒரே காலையில் இரத்தத்தில் நனைந்தன. கிழக்கின் பருவம் தொடங்கும் வேளையில் வெளிநாட்டுப் பயணிகள் நின்றுபோயினர். அடுத்த இரண்டு ஆண்டுகள் பெருந்தொற்றில் போயின. 2021 இல் வந்தோர் 194,495 பேர் மட்டுமே. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் வான் பயணம் இயலாததாயிற்று. ஓடிய புகையிரதங்களில் நிற்கவும் இடமில்லை. இந்த ஆண்டுகளில் கிழக்கின் சிறு விடுதிகளைத் தாங்கியவர்களில் உள்நாட்டுப் பயணிகள் முக்கியமானவர்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கிழக்கு வழியாகத் தீவுக்குள் நுழைந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலைநாடு பெரிதும் பாதிக்கப்பட்டது. களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, கடுவலை, களனிப் பகுதிகளை மூழ்கடித்தது. புகையிரதப் பாதைகள் பல இடங்களில் சேதமடைந்தன. 1978 இல் கொழும்பு தூரத்திலிருந்து செய்தியாகக் கேட்ட சூறாவளி, இம்முறை புறப்படுபவரின் வாசலுக்கே வந்துவிட்டது.

வரலாறு காட்டும் திட்டம்

அரை நூற்றாண்டு அனுபவத்திலிருந்து, அழிவுக்குப் பின் கிழக்குக் கரைக்குக் குறைந்த செலவில் போவதற்கான ஒழுங்கு தெளிவாகவே தெரிகிறது. முதலில் பருவம். மாரியில் வந்த சூறாவளிக்குப் பின் ஏப்ரல் வரை பொறுத்தால் கடல் அடங்கும், பாதை சீராகும், கிணறு தெளியத் தொடங்கும். ஓகஸ்ட் இன்னும் நல்லது.

அடுத்து வழி. புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்தறிய வேண்டும். பாதை அறுந்திருந்தால் புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகலாம். மூன்றாவது தங்குமிடம். விடுதிக்காரரிடம் நேரடியாகத் தொலைபேசியில் பேசி, மின்சாரம், குடிநீர், சமையல் வசதி ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே முற்பணம் கொடுப்பது நல்லது. இணையத்தில் உள்ள படங்கள் புயலுக்கு முன் எடுத்தவையாக இருக்கக்கூடும்.

நான்காவது கடல். புயலுக்குப் பின் மணல்திட்டுகள் இடம் மாறியிருக்கும், முகத்துவாரங்கள் புதிதாக வெட்டிக்கொண்டிருக்கும், உடைந்த முருகைக்கல்லும் மரமும் நீருக்கடியில் கிடக்கும். சென்ற ஆண்டு குளித்த இடம் என்பதற்காக இறங்கக்கூடாது. அந்த ஆண்டின் கடலை அறிந்தவர்கள் ஊர் மீனவர்கள். அவர்கள் காட்டும் இடமே குளிப்பிடம்.

கடைசியாகப் பணம். விலை தாழ்ந்திருக்கும் ஆண்டில் மேலும் பேரம் பேசுவது சிக்கனமாகாது. கூரை இழந்தவரிடம் அது கொள்ளைக்குச் சமம். சிக்கனம் என்பது தேவையற்ற ஆடம்பரத்தைத் தவிர்ப்பது. உழைப்பவரின் கூலியைக் குறைப்பதன்று.

1978 க்குப் பின்னும், 2004 க்குப் பின்னும், 2019 க்குப் பின்னும் கிழக்குக் கரையின் விடுதிகள் மீண்டும் கதவு திறந்தன. அரசின் திட்டங்கள் பெரும்பாலும் பெரிய ஹோட்டல்களை நோக்கியே வகுக்கப்பட்டன. ஆனால் சிறு விடுதி, மீன்கடை, தயிர்க்கடை, ஓட்டோக்காரர் ஆகியோரின் பிழைப்பை மீட்டெடுப்பதில் நேரடியாகப் பங்கேற்றவர்கள் குறைந்த பணத்தோடு வந்து ஊரிலேயே செலவழித்த குடும்பங்கள். அவர்களுக்கான பொதுக் குளிப்பிடம், நேரம் தவறாத புகையிரதம், வாடிவீடு, காப்புறுதியுள்ள சிறு விடுதி ஆகிய நான்கையும் பாதுகாப்பது, எந்த நட்சத்திர ஹோட்டலைக் கட்டுவதையும்விட, அடுத்த புயலுக்கு அந்தக் கரையைத் தயார்ப்படுத்தும் நல்ல வழி.